துண்டு துண்டாகும் புதர்க்காடு: பறவை வராத தோப்பில் கன்று முளைக்காது

உங்கள் ஊர் எல்லையில் ஐயனார் கோயில் காடோ, ஏரிக்கரைத் தோப்போ, குன்றின் அடியில் புதர்க்காடோ இருந்தால், இந்த வாரம் ஒரு முறை உள்ளே போய் தரையைப் பாருங்கள். நாவல், வீரை, பாலை, குருந்து போன்ற பழைய மரங்களின் அடியிலும் அவற்றைச் சுற்றியும் முழங்கால் உயரக் கன்றுகள் இருக்கின்றனவா? பத்து வயது மரம், இருபது வயது மரம் ஏதாவது தென்படுகிறதா? பெரிய மரங்கள் மட்டும் நின்று, கீழே சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும்தான் முளைத்திருக்கின்றன என்றால், அந்தக் காடு பிள்ளை இல்லாத வீட்டைப் போல ஆகிவிட்டது. இருக்கும் மரங்கள் விழுந்தால் அடுத்த தலைமுறை கிடையாது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் காட்டை ஒரேயடியாக யாரும் அழித்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டாகியிருக்கிறது. நடுவில் சாலை வந்தது, மனைப்பிரிவு வந்தது, கல்குவாரி வந்தது. கொல்லையின் உயிர்வேலி போய்க் கம்பிவேலி வந்தது. ஓடைப் புறம்போக்கு வரப்போடு சேர்ந்துகொண்டது. மிச்சம் இருப்பவை இங்கே அரை ஏக்கர், அங்கே இரண்டு ஏக்கர் என்று தீவு தீவாகக் கிடக்கின்றன. இப்படித் துண்டாவதால் பறவைக்கும் செடிக்கும் என்ன ஆகிறது, அதனால் உங்கள் கழனிக்கு என்ன நஷ்டம், உங்கள் வரப்பில் நீங்களே என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நம் மண்ணின் காடு எது?

நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. தை பிறந்தால் ஆனி வரை பெரும்பாலும் வறட்சிதான். இந்த மழைக்குப் பழகி, வறட்சியிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான, அடர்த்தியான காடுதான் சோழமண்டலக் கரைக்கு உரியது. வனத்துறையினர் இதை ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்கிறார்கள். வீரை, காசா, பாலை, குருந்து, நாவல் இதன் மரங்கள். களா, காரை, சூரை, சங்கஞ்செடி, ஆதண்டை இதன் புதர்களும் கொடிகளும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு தொடங்கி மரக்காணம், புதுச்சேரி, கடலூர் வரை ஒரு காலத்தில் பரவியிருந்த இந்தக் காடு இன்று பெரும்பாலும் சிறு சிறு காப்புக்காடுகளாகவும் கோயில் காடுகளாகவும்தான் மிஞ்சியிருக்கிறது. நம் பக்கத்தில் திருப்புலிவனம் என்ற ஊர்ப் பெயரிலேயே ‘வனம்’ இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தக் காட்டுச் செடிகளில் பெரும்பாலானவை சதைப்பழம் காய்ப்பவை. பழத்தைப் பறவை தின்று, வேறு இடத்தில் எச்சமிட்டு, அங்கே விதை முளைக்க வேண்டும். பறவைக்குச் செடி சோறு போடுகிறது. செடிக்குப் பறவை பிள்ளை வளர்க்கிறது. காடு துண்டானால் முதலில் அறுவது இந்த உறவுதான்.

பத்து ஏக்கர் எப்படி இரண்டு ஏக்கர் ஆகிறது?

காட்டின் ஓரமும் உட்பகுதியும் ஒன்றல்ல. ஓரத்தில் வெயிலும் காற்றும் நேராக அடிக்கும், மண் சீக்கிரம் காயும். ஆடு உள்ளே வரும், சருகில் தீ பிடிக்கும், வயலில் அடிக்கும் மருந்து வந்து படியும். நிழலில் முளைத்து மெல்ல வளரும் வீரை போன்ற மரங்களின் கன்று ஓரத்தில் பிழைப்பது கடினம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 660 அடிக்கு 660 அடி சதுரமாக ஒரே துண்டு காடு இருந்தால் அது 10 ஏக்கர். சுற்றிலும் 60 அடி வரை ஓரத்தின் பாதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே பாதிப்பில்லாத பகுதி ஏறக்குறைய 6.7 ஏக்கர். அதே 10 ஏக்கர் ஒவ்வொரு ஏக்கராகப் பத்து சதுரத் துண்டுகளாகக் கிடந்தால், பத்திலும் சேர்த்து பாதிப்பில்லாத உட்பகுதி 1.8 ஏக்கர்தான். பட்டாவிலும் வரைபடத்திலும் 10 ஏக்கர் குறையவே இல்லை. ஆனால் காடாக இருப்பது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

விதை எவ்வளவு தூரம் போகும்?

நம் ஊர்ப்பக்கம் பழவிதையை அதிகம் சுமப்பது கொண்டைக்குருவி எனப்படும் சின்னான். அதோடு குயில், குக்குறுவான், மைனா, மாங்குயில் ஆகியவையும் உண்டு. கொண்டைக்குருவி தின்ற சிறு பழத்தின் விதை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் எச்சமாக விழுந்துவிடும். அதனால் பெரும்பகுதி விதைகள் தாய்மரத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே விழும். அதுவும் வெட்டவெளியில் விழாது. பறவை உட்காரும் மரம், புதர், கம்பம் ஆகியவற்றின் கீழேதான் விழும்.

ஒரு தோப்புக்கும் அடுத்த தோப்புக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் மரமே இல்லாத வெட்டவெளி இருந்தால், இங்கிருந்து அங்கே விதை போவது அரிது. நடுவில் ஒரு உயிர்வேலியும் நாலு மரமும் இருந்தால் பறவை அதில் உட்கார்ந்து உட்கார்ந்து போகும், விதையும் போகும்.

எல்லாப் பறவையும் ஒன்றுபோல் பறப்பதும் இல்லை. குயிலும் மைனாவும் வெட்டவெளியைச் சுலபமாகக் கடந்துவிடும். கூட்டமாகத் தத்தித் திரியும் தவிட்டுக்குருவி புதருக்குப் புதர் குறுகிய தூரம்தான் பறக்கும். கௌதாரியும் காடையும் ஆபத்து என்றால் ஓடி ஒளிய அருகிலேயே புதர் வேண்டும். இவை இருக்கும் துண்டில் பருவம் தவறி இரை குறைந்தால் வேறு துண்டுக்குப் போக வழியில்லை.

மகரந்தச் சேர்க்கைக்கும் இதே நிலைதான். கொசுத்தேனீ தன் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் வரைதான் இரை தேடும். ஆல், அரசு, அத்தி ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய சிறு குளவி வந்தால்தான் விதை பிடிக்கும். தனித்து நிற்கும் மரங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்க்கை நடந்தால் விதையின் வீரியமும் குறையும்.

நஷ்டம் ஏன் உடனே தெரிவதில்லை?

பறவை குறைந்தால் பத்து வருடத்தில் தெரிந்துவிடும். மரம் அப்படி அல்ல. வீரையும் பாலையும் பல தலைமுறை வாழ்பவை. விதை பரவுவது இன்று நின்றாலும் மரம் இன்னும் ஐம்பது, நூறு வருடம் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து “காடு நன்றாகத்தானே இருக்கிறது” என்று நினைத்துவிடுகிறோம். வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்து, ஒரு நாள் மொத்தமாக வாசலில் வந்து நிற்பது போன்ற அழிவு இது. தொடக்கத்தில் சொன்னபடி கன்றைத் தேடிப் பார்ப்பதுதான் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி.

யாருக்கு லாபம்?

காடு துண்டானால் சில உயிர்களுக்குக் கொண்டாட்டம். காகம், மைனா, மாடப்புறா ஆகியவை மனிதர் திருத்திய நிலத்தில் நன்றாகப் பிழைக்கும். மயிலும் அப்படித்தான். பகலில் கழனியில் மேய்ந்து, இரவில் மரத்தில் அடையவும் முட்டையிடப் புதரில் ஒதுங்கவும் வசதியாக, வயலும் புதரும் மாறி மாறி இருக்கும் இடம் அதற்குப் பிடித்தமானது.

செடிகளில் லாபம் சீமைக் கருவேலத்துக்கு. அதன் காயைத் தின்ற ஆடுமாடுகளே விதையைச் சாணத்தோடு ஊரெல்லாம் பரப்புகின்றன. அதற்குப் பறவை தேவையில்லை, நிழலும் தேவையில்லை. உண்ணிச்செடியின் பழத்தையோ பறவைகளே தின்று பரப்பும். உள்ளூர்ப் பழச்செடி இல்லாத இடத்தில் பறவைக்குக் கிடைப்பது உண்ணிப்பழம்தான். அது தின்பதைத்தான் அது விதைக்கும்.

உங்கள் பயிருக்கு என்ன நஷ்டம்?

நிலக்கடலையிலும் நெல்லிலும் பறக்கும் அந்துப்பூச்சியையும் புழுவையும் பிடித்துத் தின்பது கரிச்சான் எனப்படும் இரட்டைவால் குருவி. உட்கார உயரமான இடம் இருந்தால்தான் அது வேட்டையாடும். தவிட்டுக்குருவி சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும். பனங்காடை வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடிக்கும். இரவில் கூகையும் ஆந்தையும் எலி பிடிக்கும். இவற்றில் பனங்காடை, கூகை, புள்ளி ஆந்தை போன்றவை மரப்பொந்திலும் மொட்டைப் பனையின் உச்சியிலும்தான் முட்டையிடும். பொந்துள்ள பழைய மரத்தை ‘காய்ந்துபோனது’ என்று வெட்டிவிட்டால், எலி பிடிக்க வந்துகொண்டிருந்த கூலியில்லா ஆளை நாமே அனுப்பிவிட்டோம் என்று பொருள்.

வேடந்தாங்கல் சொல்லும் கணக்கு

பறவையால் விவசாயிக்குப் பயன் உண்டு என்பதை நம் பக்கத்து ஊர்க்காரர்கள் இருநூறு வருடத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரமாகிறது என்று உணர்ந்த ஊர் மக்கள், பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை ஏற்று ஆணை கொடுத்தார். வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் அங்கே கூடு கட்ட இடம் உண்டு. தின்ன இரை கிடையாது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சுற்றுவட்டார ஏரிகளிலும் கழனிகளிலும் நத்தை, நண்டு, புழு தேடித் தின்றுவிட்டுத்தான் குஞ்சுக்குக் கொண்டு போகின்றன. உத்திரமேரூர்ப் பகுதி ஏரிகளும் நெல்வயல்களும் வறண்டால் சரணாலயத்தில் எவ்வளவு காவல் போட்டாலும் குஞ்சு பிழைக்காது. ஏரிப் பறவைக்குச் சொன்னதுதான் புதர்க்காட்டுப் பறவைக்கும்: ஒரு துண்டை மட்டும் வேலி போட்டுக் காத்தால் போதாது, நடுவில் உள்ள நிலமும் கைகொடுக்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். கோதுமை விளைவிக்க அங்கே காட்டைத் திருத்தினார்கள். காடு சிறு துண்டுகளாக மிஞ்சியது. வெள்ளைவால் கருங்கிளிகள் தங்கள் குஞ்சுக்கு இரை தேட ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு வெகுதூரம் பறக்க வேண்டி வந்ததால், குஞ்சுகள் எடை குறைந்து சில இடங்களில் இனமே அற்றுப்போனது. ஆழமாக வேர்விட்ட மரங்கள் போனதால் நிலத்தடி நீர் மேலேறி, உப்பு மேற்பரப்புக்கு வந்து கோதுமை வயலும் கெட்டது. மரங்களோடு விட்டுவைத்த அகலமான சாலையோரங்கள்தான் பல பறவைகளுக்குப் போக்குவரத்து வழியாக உதவின.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. இருக்கும் உயிர்வேலியை வெட்டாதீர்கள். கம்பிவேலி அவசியம் என்றால் உயிர்வேலியின் உட்புறமாகக் கம்பியைக் கட்டுங்கள். பங்குனி முதல் ஆடி வரை பல பறவைகள் வேலியில் கூடு கட்டும். கவாத்து செய்வதை ஆவணி, புரட்டாசிக்குத் தள்ளி வையுங்கள். ஒரே வருடத்தில் முழு வேலியையும் கழிக்காமல் ஒரு பக்கம் மட்டும் கழியுங்கள்.

2. புதிதாக வேலி வைப்பவர்கள் கலந்து வையுங்கள். களா, சங்கஞ்செடி, காரை, இலந்தை, சூரை ஆகியவை முள்ளும் தரும், பழமும் தரும். கொடுக்காப்புளி வேகமாக உயரும். நொச்சி, ஆடாதோடையை ஆடு தொடாது. வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசியில் நட்டால் முதல் வருடத் தண்ணீர்ச் செலவு குறையும்.

3. தோப்புக்கும் தோப்புக்கும் நடுவில் படிக்கல் போடுங்கள். உங்கள் கொல்லை இரண்டு தோப்புகளுக்கு நடுவில் இருந்தால் மூலையில் இரண்டு சென்ட் போதும். ஒரு நாவல், ஒரு வேம்பு, ஒரு கொன்றை, சுற்றிலும் நாலைந்து களா. சில நூறு மீட்டருக்கு ஒன்று என்று நாலு விவசாயிகள் சேர்ந்து வைத்தால் அது பறவைக்கு ஒரு பாதை.

4. உயர மரம் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். சம்பா பருவத்தில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் மர நிழல் வடபுறம் விழும். நிலத்தின் வடக்கு எல்லையில் பாதையோ ஓடையோ இருந்தால் உயர மரங்களை அங்கே வையுங்கள். பயிரில் நிழல் குறையும், பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறும் வராது. ஆல், அரசு, அத்தியைக் கிணறு, மதகு, கலங்கல் அருகே வைக்கக் கூடாது. வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும்.

5. விதையைக் காயவைத்து மறந்துவிடாதீர்கள். வேம்பு, நாவல் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழுத்து விழுந்த உடனே சதையைக் கழுவிப் பையில் ஊன்றுங்கள். கோயில் காட்டு மரங்களின் விதையை அந்தந்த ஊரிலேயே பொறுக்கி, தாய்மரம் ஒன்றோடு நிற்காமல் பல மரங்களிலிருந்து எடுங்கள்.

6. பறவை தாங்கி நடுங்கள். நிலக்கடலை, நெல், பயறு வயல்களில் பயிருக்கு மேல் ஓரடி உயரம் நிற்கும்படி ‘டி’ வடிவக் குச்சிகளை ஹெக்டேருக்கு 40 முதல் 50 வரை நடலாம். பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் உட்காரும். நெல் பால் பிடிக்கும் தருணத்தில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் கொத்தும் குருவிகளுக்கு வசதியாகிவிடும்.

7. தரிசிலும் இதே குச்சி வேலை செய்யும். மரமில்லாத புறம்போக்கில் கிளையுள்ள கம்பங்களை நட்டு, மூன்று வருடம் ஆடு மேயாமல் முள் அடைத்தால், பறவை போடும் எச்சத்திலிருந்து வேம்பும் காரையும் முளைக்கத் தொடங்கும். உண்ணிச்செடியும் சேர்ந்து முளைக்கும். அதைச் சிறு கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

8. சீமைக் கருவேலத்தை எடுக்கும்போது இடத்தைக் காலியாக விடாதீர்கள். இதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அகற்ற வேண்டியதுதான். ஆனால் ஏரிக்கரை முழுவதையும் ஒரே நாளில் பொக்லைன் விட்டுப் பறித்தால் அங்கே ஒதுங்கியிருந்த பறவைக்குப் போக்கிடமில்லை. கரை மண்ணும் மழையில் கரையும். பகுதி பகுதியாக வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் அதே மழைக்காலத்தில் பனை விதையோ உள்ளூர்க் கன்றோ வையுங்கள்.

9. மொட்டைப் பனையையும் பொந்து மரத்தையும் விட்டுவையுங்கள். வீட்டின் மீதோ மின்கம்பி மீதோ விழும் ஆபத்து இருந்தால் மட்டும் வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் தமிழக அரசு அறிவித்திருப்பதையும் மறக்க வேண்டாம்.

10. எலி மருந்தில் கவனம். மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் சாகக்கூடும். கிட்டி, பொறி, வளை தோண்டுதல் ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். மருந்து வைத்தால் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதையுங்கள்.

தொல்லையும் உண்டு

பறவை வந்தால் நல்லது மட்டும்தான் நடக்கும் என்று சொல்லவில்லை. கிளியும் சில்லைக்குருவியும் கதிரைக் கொத்தும். மயில் விதைத்த நிலக்கடலையைக் கிளறும். அடர்ந்த சீமைக் கருவேலப் புதரில் பன்றி ஒளியும். விதைப்புக்குப் பின் முதல் பத்து நாளும், கதிர் பிடித்த பிறகும் ஆள் காவல், மினுமினுப்பு நாடா, நிலத்தை ஒட்டிய வலை இவற்றைப் பயன்படுத்துங்கள். விஷம் கலந்த தானியம் வைப்பது மட்டும் வேண்டாம். மயிலைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடும் குற்றம். அந்த விஷம் மயிலோடு நிற்காது. கௌதாரியும், கோழியும், தண்ணீர் குடிக்க வரும் ஆடும் சேர்ந்து சாகும். தொல்லை தாங்கவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஊராகச் சேர்ந்தால்

தனி ஒருவர் வரப்பில் செய்வது பாதி வேலைதான். ஓடைக்கரை, ஏரிக்கரை, மேய்க்கால், தோப்புப் புறம்போக்கு ஆகியவை ஊருக்குப் பொது. கி.பி. 921இல் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர் சபை வெட்டிய கல்வெட்டில் தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. ஏரியையும் தோப்பையும் பார்த்துக்கொள்ளத் தனித்தனி ஆட்களை வைத்த ஊர் இது. இன்று அந்த வேலையைக் கிராம சபையில் கேட்டுப் பெறலாம். ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நடச் சொல்லுங்கள். நூறு நாள் வேலையில் ஏரிக்கரைக் கன்று நடவையும், நட்ட கன்றுக்கு மூன்று வருடப் பராமரிப்பையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். கோயில் காட்டில் மண்டபம் கட்டவோ வண்டி நிறுத்தவோ இடம் கேட்டால், மரமில்லாத ஓரத்தில் கொடுத்துவிட்டு உட்பகுதியைத் தொடாமல் விடுங்கள்.

மரக்கன்றுகளுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் வனத்துறை நாற்றங்காலையும் அணுகலாம். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். அங்கே தேக்கு, மகோகனி போன்ற தடிமரக் கன்றுகளே அதிகம் கிடைக்கும். அவற்றோடு வேம்பு, நாவல், புங்கன் கேட்டு வாங்குங்கள். களா, காரை, வீரை விதைகளை உங்கள் ஊர்க் காட்டிலேயே பொறுக்கிக்கொள்ளலாம்.

இந்த ஐப்பசிக்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் நிலத்தில் நின்று, கண்ணுக்குத் தெரியும் இரண்டு தோப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் பறவை உட்கார இடமில்லாத நீளம் எது என்று பாருங்கள். அது உங்கள் வரப்பாக இருந்தால், முதல் களாக்கன்றை அங்கே நடுங்கள்.